நெற்றிக்கு மேலே நாலு விரல்

காற்றுக்குப் பயப்படுகிற பெண்ணை ஆரல்வாய்மொழியில் கட்டிக்கொடுத்ததைவிடப் பெரிய கூத்து எங்கள் குடும்பத்தில் நடந்ததில்லை. அவர்கள் பெண் பார்க்க வந்தது மாசி மாதம். எங்கள் ஆட்கள் வீடு பார்க்கப் போனதும் மாசியில்தான். மாசியில் அந்த ஊர்க் காற்று சாதுவாக இருக்கும். ஆனி பிறந்துவிட்டால் மலை இடுக்கு வழியாகப் புகுந்து வருகிற காற்று ஓட்டைப் பெயர்க்கும், ஓலையைப் பிய்க்கும், கொடியில் காயும் சேலையைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோகும். குழித்துறை ஆற்றங்கரையில் வளர்ந்த எங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? கூரைமேல் கல் வைத்திருப்பதைப் பார்த்த என் மாமா, குரங்குத் தொல்லை போலிருக்கிறது என்று சொன்னாராம்.

காற்றிடம் எனக்கு என்ன பயம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் நெற்றிக்கு மேலே, ஒரு காதிலிருந்து மறு காது வரை, நாலு விரல் அகலத்துக்கு முடி கிடையாது. அங்கே நான் வைத்திருந்தது நானே கட்டிய முடி.

ருதுவாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, விஷக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டபின் சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. பின்பக்கம் விழுந்ததெல்லாம் முளைத்துவிட்டது. முன்பக்கம் முளைக்கவேயில்லை. தோல் இளநீர் வழுக்கை மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. புழுவெட்டு என்றார் வைத்தியர். சின்ன உள்ளியை வெட்டித் தேய்க்கச் சொன்னார், எலுமிச்சை விதையையும் மிளகையும் அரைத்துப் பூசச் சொன்னார். எரிச்சலில் நான் வீட்டைச் சுற்றி ஓடியதுதான் மிச்சம். பின்னலோ இடுப்புக்குக் கீழே தொங்கும். பின்னாலிருந்து பார்த்தால் கண் படும், முன்னாலிருந்து பார்த்தால் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும். அப்படி ஒரு கோலம்.

அழகு போனதற்காக மட்டும் அம்மை அழவில்லை. எங்கள் தெருவில் ஒருத்திக்குக் கன்னத்தில் வெளுப்பாக ஒரு படை வந்தது. பெருவியாதி, குஷ்டம் என்று எவளோ சொன்னாள். அவ்வளவுதான். பால் குடிக்கிற பிள்ளையை மடியிலிருந்து எடுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே ஒரு குடிசை போட்டு அவளை அங்கே இருத்தினார்கள். அது வெறும் தேமல் என்று பிறகு வைத்தியர் சொன்னார். யார் காதில் வாங்கினார்கள்? பிள்ளை அவள் முகத்தை மறந்தே போனது. முடி உதிர்ந்த வழவழப்பான தோலைப் பார்த்தால் ஊர் என்ன சொல்லும் என்று எங்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

அப்போது சந்தைப் பக்கம் கொட்டகை போட்டிருந்த நாடகக்காரர்களில் ஒருவர் டோப்பா கட்டுவார். பள்ளிக்கூட நாடகத்துக்கு என்று பொய் சொல்லி அம்மை அவரிடம் முன்பக்கம் மட்டும் ஒன்று செய்து வாங்கி வந்தாள். வைத்துப் பார்த்தேன். பானைக்கு மூடி போட்ட மாதிரி இருந்தது. நெற்றியில் கரிக்கட்டையால் கோடு இழுத்ததுபோல இந்தப் பக்கம் தோல், அந்தப் பக்கம் கறுகறுவென்று முடி. அம்மை ஒரு நிமிஷம் பார்த்தாள். சிரித்தாள். அப்புறம் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். நாடகம் பார்க்கிறவன் தூரத்தில் உட்கார்ந்திருப்பான். நாளை வரப்போகிற மாமியார் அம்மிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

அதன் பிறகு நான் படித்துறைக்குப் போனால் எவள் முகத்தையும் பார்ப்பதில்லை, நெற்றியைத்தான் பார்ப்பேன். எவள் நெற்றியிலும் கோடு இல்லை. முடி ஓரிடத்தில் திடீரென்று தொடங்குவதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. முதலில் பூனைமயிர், பிறகு குட்டையும் நெட்டையுமாகச் சில, அதற்கும் பின்னால்தான் சரியான முடி. நடுவில் இருப்பது பின்னோக்கிப் போகிறது, காதோர நெற்றிப்பொட்டுப் பக்கம் இருப்பது காதை நோக்கிச் சாய்கிறது. ஒருத்திக்கு இடது பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கும், வலது பக்கம் இறங்கியிருக்கும். வகிடுகூட யாருக்கும் நேராக இல்லை. நான் முறைத்து முறைத்துப் பார்ப்பதைப் பார்த்து, "இவளுக்கு என்னமோ பிடிச்சிருக்கு" என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாடகக்காரர் கட்டியதைப் பிரித்துப் போட்டேன். மல் துணியை ஒற்றையாக எடுத்து, மஞ்சளும் பாக்குத் தண்ணீரும் கலந்து என் தோலின் நிறம் வரும்வரை நனைத்து நனைத்துக் காயவைத்தேன். சீப்பில் உதிர்ந்த என் முடியை அம்மை சவுரி கட்டுவதற்காகச் சுவர்ப் பொந்தில் செருகி வைத்திருந்தாள். அதையெடுத்துச் சிக்கெடுத்து, ஊசியால் துணியில் கோத்து முடிந்தேன். பின்வரிசையில் மூன்று நான்கு முடியாக, முன்னே வர வர ஒவ்வொன்றாக. ஆனால் விளிம்புக்கு என் முடி ஒத்துவரவில்லை. தடியாக, கறுப்பாக நின்று காட்டிக்கொடுத்தது. பூனைமயிருக்கு எங்கே போவது?

அந்தச் சமயத்தில் என் அண்ணன் பிள்ளைக்குத் திருச்செந்தூரில் முதல் மொட்டை போட்டார்கள். சாமிக்கு நேர்ந்த முடி. நாவிதர் வழித்துப் போட்டதில் ஒரு பிடியை அம்மை யாருக்கும் தெரியாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அவிழ்த்துக் காட்டினாள்.

"எடுத்திட்டேன் மோளே. முருகன் எனக்க தலையில இடி போட்டாலும் செரி."

மெல்லிசாக, செம்பட்டையாக, சுருண்டு, நான் தேடிய அதே முடி. விளிம்பில் அதைத்தான் ஒவ்வொன்றாகக் கோத்தேன். அடுத்த வாரமே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. அம்மை சாமி படத்தின் முன்னால் விழுந்து கிடந்தாள். எனக்கு அந்த மல் துணியைத் தொடவே பயமாக இருந்தது. அடுப்பில் போட்டுவிடலாம் என்று கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். போடவில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனாலும் அதை நெற்றியில் வைக்கும்போதெல்லாம் சாமியின் சொத்தைத் திருடி வைத்திருக்கிறேன் என்ற பயம் எனக்குப் போனதேயில்லை.

ஒட்டுவதற்கு விளாம்பிசின். வேப்பம்பிசின் பழுப்பாகத் தெரியும், காய்ந்தால் வெடிக்கும். விளாம்பிசின் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தண்ணீர் பட்டால் விட்டுவிடும், வியர்த்தாலும் விட்டுவிடும். பின்பக்கத்தை என் சொந்த முடியோடு சேர்த்துப் பின்னிக் கொண்டை ஊசி குத்திவிடுவேன். ஓரத்தில் சந்தனம் ஒரு தீற்று. எல்லாம் முடிந்து வைத்துக்கொண்டு வந்தபோது, எதிரே நின்ற அம்மை என்னைப் பார்த்து, "வைக்கல்லியா?" என்று கேட்டாள். அதைவிட வேறென்ன மெச்சல் வேண்டும்?

கல்யாணத்துக்கு முன்னால் எண்ணெய் வைக்கிற சடங்கில் உயிர் போய்த் திரும்பியது. சுமங்கலிகள் ஒவ்வொருவராக அறுகம்புல்லை எண்ணெயில் தோய்த்துத் தலையில் வைக்க வருவார்கள். அம்மை என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, வருகிற கையையெல்லாம் பிடித்து உச்சிக்குத் திருப்பிவிட்டாள். "நெத்தியில ஒழுகினா கண்ணு எரியும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இந்தத் தாய்க்கு மகள்மேல் என்ன பிரியம் என்று வந்தவர்கள் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரருக்கு முதல் மாதமே தெரிந்துவிட்டது. கூடப் படுக்கிற மனிதரிடம் எத்தனை நாள் மறைக்க முடியும்? அவர் தடவிப் பார்த்தார், விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். நான் செத்தேன் என்று நினைத்தேன். கடைசியில் அவர் கேட்டது இதுதான்:

"அம்மைக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிய வேண்டாம். தெரிஞ்சா அன்னைக்கே ஒன்ன வண்டி ஏத்தீருவா, பாத்துக்கோ."

வண்டிமாடு மிரண்டால் கொம்பைப் பிடித்து நிறுத்துகிற ஆள். அவருக்கே தன் அம்மை என்றால் தொடை நடுங்கும். அப்படியானால் எனக்கு எப்படி இருக்கும்?

மாமியார் உயரமான மனுஷி. குரல் கடைசி வயல் வரை கேட்கும். வந்த நாளிலிருந்தே என்னை அவளுக்குப் பிடிக்கவில்லை என்று தெரு முழுக்கத் தெரியும். என் பேச்சைக் கேட்டு, "மேக்க உள்ளவ பேசுதாளா, பாடுதாளா?" என்று எல்லாரும் கேலி செய்வார்கள். அவள் கேலிகூடச் செய்யமாட்டாள். தெருப் பெண்களோடு குளத்துக்குக் குளிக்கப் புறப்பட்டேன். "இவளுக்குக் குளிக்கத் தெரியாது, கொளத்தக் கலக்கீருவா" என்று சொல்லி நிறுத்திவிட்டாள். கிணற்றடியில் ஓலை மறைப்பு ஒன்று கட்டச் சொல்லி, அதற்குள்தான் நான் குளிக்கவேண்டும் என்றாள். ஆனி பிறந்ததும் வாசலுக்கு வரக்கூடாது. "காத்தடிச்சா பறந்து போற ஒடம்பு, உள்ள போ ஏட்டி." வெள்ளிக்கிழமை தன் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துவிடுவாள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் தேய்ப்பாள். என்னைக் கூப்பிடமாட்டாள். ஒருநாள் என் நாத்தனாரே, "மைனிக்கும் தேச்சு விடேன்" என்று சொல்லிவிட்டாள். "அவளுக்க தலைய நான் தொடமாட்டேன்" என்றாள் மாமியார். எல்லாருக்கும் முன்னால். எனக்கு அழுகையும் வந்தது, அப்பாடா என்றும் இருந்தது.

தினமும் என் நெற்றியை என் விரல்தான் காவல் காத்தது. அடுப்படியில் வியர்த்தால் விரல் போகும். யாராவது உற்றுப் பார்த்தால் விரல் போகும். மகள் பிறந்தாள். அவளைத் தூக்கும்போது முகத்தைத் தள்ளியே வைத்திருப்பேன். பிள்ளைகள் கைக்கு முதலில் அகப்படுவது முடிதானே. பால் குடிக்கிற பிள்ளையை மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்களே, அந்தப் பெண்ணின் நினைப்பு அதிகமானது மகள் பிறந்த பிறகுதான்.

ஒரு ஆடி மாதம். மகளுக்கு அப்போது நடக்கத் தெரியும். கதவு திறந்திருந்த நேரம் பார்த்து வாசலுக்கு ஓடிவிட்டாள். பிடிக்க ஓடினேன். வாசலைத் தாண்டியதும் காற்று முகத்தில் அறைந்தது. இடது பொட்டுப் பக்கம் பிசின் விட்டு விளிம்பு தூக்கிக்கொண்டதை உணர்ந்தேன். ஒரு கையில் பிள்ளை, மறுகை அவள் பாவாடையில் சிக்கியிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் எதிரே மாமியார், தொழுவத்திலிருந்து வருகிறாள். என்னையே பார்த்தாள்.

"உள்ள போ மூதேவி!" என்று கத்தினாள். தெருவே திரும்பிப் பார்த்தது. நான் உள்ளே விழுந்தேன். அவள் வெளியிலிருந்தே கதவை இழுத்துச் சாத்தினாள்.

அன்று முழுக்க வண்டி பூட்டுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். மகளுடைய சட்டையையெல்லாம் மடித்து வைத்தேன். பிள்ளையை என்னோடு விடுவார்களா, பிடுங்கிக்கொள்வார்களா என்று யோசித்து யோசித்து, மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன். சாயங்காலம் மாமியார் வந்து, குழம்பில் உப்பு இல்லை என்று திட்டினாள். வேறொன்றும் சொல்லவில்லை. தூரத்தில் நின்றதால் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நல்லவேளை, கிழவிக்குக் கண் மங்கிவிட்டது என்று சாமியைக் கும்பிட்டேன்.

சில வருஷம் கழித்து அவள் நீர் கோத்துப் படுத்தாள். கை கால் எல்லாம் வீங்கிவிட்டது. ஆனிக் கடைசி. அப்போது எனக்கு வந்த பயம் வேறு மாதிரி. எங்கள் பக்கத்தில் சாவு வீடு எப்படி என்று தெரிந்தவர்களுக்குப் புரியும். மாமியார் செத்தால் மருமகள் முடியை அவிழ்த்துப் போட்டு அழவேண்டும். வருகிற பெண்களெல்லாம் கட்டிப்பிடித்துத் தலையோடு தலை முட்டி அழுவார்கள். அப்புறம் நீர்மாலை. பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கக் குளத்துக்குப் போய், தலையோடு முங்கி, ஈரத்தோடு, விரித்த முடியோடு தெரு வழியாக வரவேண்டும். தண்ணீர், காற்று, ஊர்க்கண் மூன்றும் ஒரே நேரத்தில். விளாம்பிசின் என்ன செய்யும்?

ஆவணி வந்துவிட்டால் காற்று இறங்கிவிடும். அதுவரையாவது இவள் உயிர் நிற்கவேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தேன், கால் பிடித்துவிட்டேன், மலம் எடுத்தேன், கண் மூடாமல் பக்கத்தில் இருந்தேன். இப்படித் திட்டின மாமியாருக்கு இந்தப் பாடு படுகிறாளே, தங்கமான பிள்ளை என்று தெரு பேசியது. என் மனசுக்குள் ஓடியதெல்லாம் ஆவணிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்பதுதான்.

ஒருநாள் மத்தியானம் சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். வெளியே காற்று ஊளையிட்டது. மாமியார் மூச்சு வாங்க வாங்க மகனைக் கூப்பிட்டாள்.

"ஏலே, கேட்டுக்கோ. நான் செத்தா இவ எனக்குத் தல விரிக்கப்பிடாது. நீர்மாலைக்கும் போவப்பிடாது. கட்டிப்பிடிச்சு அழவும் வேண்டாம். அறைக்குள்ளதான் இருக்கணும்."

"என்னம்மா பேசுதே? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு கெடக்கு. இவ அழுகை எனக்கு வேண்டாம். கையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

அவர் தலை குனிந்து கையில் அடித்தார். பெண்கள் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. சாகப்போகிறவள், பிறவிப் பகையாளிக்குக்கூடச் செய்யாததை எனக்குச் செய்துவிட்டாள். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். இவள் என்ன கொடுமை செய்தாளோ என்று ஒருத்தி காதோடு சொன்னது எனக்கே கேட்டது.

எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நான் அவள் கடைவாயில் வழிந்த கஞ்சியைத் துடைக்கக் குனிந்தேன். அழுதுகொண்டிருந்தேன், வியர்த்தும் இருந்தேன். அவள் வீங்கின கையை மெல்லத் தூக்கினாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன், கண்ணை மூடிக்கொண்டேன். கட்டைவிரல் என் இடது பொட்டில் பட்டது. அங்கே விட்டிருந்த விளிம்பைத் தடவிக் கண்டுபிடித்து, அழுத்தினாள். ஒட்டுகிறவரை எடுக்கவில்லை.

"ஈரம் பட்டா விடும்," என்றாள். "பாத்துக்கோ."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க நினைத்தேன். கேட்கத் தைரியம் வரவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கிணற்றடி ஓலை மறைப்பும், சாத்தின கதவும், தொடமாட்டேன் என்ற தலையும் ஒவ்வொன்றாக என் நினைப்பில் வந்து நின்றன.

ஆவணி வரை அவள் இருக்கவில்லை. ஆடி நடுவில் போனாள். நீர்மாலை எடுத்து வந்த பெண்களை ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அப்படி ஒரு காற்று. ஈர முடியெல்லாம் முகத்தில் அடித்துப் பிரிந்து பறந்தது. முன்னால் வந்த ஒருத்தியின் சவுரி கழன்று தெருவில் உருண்டு ஓடியது, ஒரு பையன் துரத்தினான். நான் கொண்டை கலையாமல் அறைக்குள் உட்கார்ந்து, சேலையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். சத்தம் வெளியே போனால் சத்தியம் மீறியதாகிவிடும். வெளியே ஒருத்தி ஒப்பாரியிலேயே சேர்த்துப் பாடினாள், மருமகள் கண்ணீருக்குக் கொடுத்துவைக்காத மகராசி என்று.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின், மாமியார் என் விளிம்பை ஒட்டவைத்ததை வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"தெருவில அம்மையை அரக்கின்னு பேசுதாவ. நான் சொல்லீரட்டா?" என்று கேட்டேன்.

"சொன்னா அம்ம செய்தது வீணாப் போவும்," என்றார்.

சொல்லவில்லை. சாகும்போதும் மருமகளை மன்னிக்காத கிழவி என்றுதான் அந்தத் தெருவில் இன்றைக்கும் அவளைப் பற்றிக் கதை சொல்கிறார்கள். நானும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மறுவருஷம் ஆனி பிறந்து காற்று தொடங்கிய அன்று, கிணற்றடி ஓலை மறைப்பு பிய்ந்து பறந்தது. அதை எடுக்க என்னை அறியாமல் வாசலைத் தாண்டி வெளியே வந்துவிட்டேன். நெற்றியில் கையை வைத்து அழுத்திக்கொண்டு தெருவில் நின்றேன். உள்ளே போ என்று என்னைத் திட்ட ஆள் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் பட்ட பயமெல்லாம் காவலுக்கு ஆளில்லாமல் நின்ற அந்தப் பயத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.